ஃபலேஸ், உச்சுரும், கயா: துருக்கியின் தெற்குக் கரையில்

சனி, அந்தாலியா

அந்தாலியாவைக் கடலோர நகரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடலுக்கு மேலே இருக்கும் நகரம் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். காராலியோலு பூங்காவில் மரநிழலில் நடந்து போகிறோம். பெஞ்சுகள், வேர்க்கடலை விற்பவர், பந்து விளையாடும் பிள்ளைகள். புல்தரை முடியும் இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு கம்பித் தடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் முப்பது நாற்பது மீட்டர் ஆழத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் சரிவு, மணல் எதுவும் கிடையாது. ஊர் அப்படியே அறுந்து நிற்கிறது.

விளிம்பை ஒட்டி ஹிதிர்லிக் என்ற வட்டக் கோபுரம், ரோமானியர் காலத்தது. அதன் பக்கத்தில் தொடங்கும் பழைய ஊருக்குக் காலெய்ச்சி என்று பெயர். பெர்கமோன் அரசர் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஊர், அவர் பெயர்தான் தேய்ந்து அந்தாலியா ஆனது. கி.பி. 130இல் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் வந்துபோனதற்காகக் கட்டிய மூன்று வளைவு வாசல் இன்னும் நிற்கிறது. பழைய துறைமுகம் பாறைச் சுவரின் ஒரு மடிப்புக்குள் பதுங்கிக் கிடக்கிறது. மேலே இருக்கும் சதுக்கத்திலிருந்து கீழே போக ஒரு கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். நாங்கள் படியில் இறங்கி லிஃப்டில் ஏறினோம். அதுதான் சரியான வரிசை.

போனில் அகராதியைத் திறந்து ஆங்கிலத்தின் 'கிளிஃப்' போட்டால் துருக்கி மொழியில் முதலில் 'உச்சுரும்' என்று வருகிறது. இந்த ஊரில் அந்தச் சொல் என் காதில் விழவே இல்லை. ஹோட்டல் பலகை, உணவகம், பூங்கா, எங்கே பார்த்தாலும் 'ஃபலேஸ்'. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய சொல் இது, கடல் அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரைக்கு மட்டும். பள்ளிக்கூடப் புவியியலில் இதற்கு அழகான சொந்தச் சொல் ஒன்று இருக்கிறது: யாலியார். யாலி என்றால் கரை, யார் என்றால் செங்குத்துப் பாறை. நாமும் பாடப்புத்தகத்தில் 'கடல் ஓங்கல்' என்று படித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள்தானே. தங்குமிட வரவேற்பில் இருந்த இளைஞர் என் வாயிலிருந்து யாலியார் வந்ததும் சிரித்தேவிட்டார். "அண்ணே, அது பரீட்சையில் எழுதுகிற வார்த்தை" என்றார். அவர் சொன்னது 'அபி', நம் அண்ணனுக்கு அவர்கள் ஊர்ச் சொல்.

ஞாயிறு, டூடன்

இன்றைக்குக் கொஞ்சம் மண்ணியல். பிடிக்காதவர்கள் நேராகச் செவ்வாய்க்குப் போகலாம். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இதுதான்.

பாறைச் சுவர் என்றால் மலை உடைந்து விழுந்த இடம் என்றுதான் நினைப்போம். அந்தாலியாவின் பாறை வேறு கதை. அது தண்ணீர் கட்டிய பாறை. வடக்கே தாவ்ரோஸ் மலைத்தொடர், பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து ஊற்றுகளில் வெளியே வருகிறது. வெளிக்காற்று பட்டதும் வாயு பறந்துபோகும், கரைந்த சுண்ணாம்பு தங்க இடமில்லாமல் படியத் தொடங்கும். பாசியின் மேல், நாணல் தண்டின் மேல், விழுந்த இலையின் மேல். வெந்நீர்க் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வேலைதான். இங்கே அது லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்திருக்கிறது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த மேடை, இரண்டு மூன்று தட்டுகளாக. கடலுக்குப் பக்கத்துத் தட்டில்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது.

பாறையை நெருக்கத்தில் பார்த்தால் இது புரிந்துவிடும். ஒரே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. சில ஓட்டைகள் விரல் நுழையும் அளவுக் குழாய்கள். நாணல் இருந்த இடம் அது. தண்டு மக்கிப்போய்விட்டது, மேலே படிந்த உறை கல்லாக நின்றுவிட்டது.

ஊற்றுகள் இருக்கும் இடத்தின் பெயர் கிர்க்கோஸ், நாற்பது கண் என்று பொருள். ஊற்றுக்கண் என்று நாம் சொல்வதுபோல அவர்களுக்கும் ஊற்று ஒரு கண்தான். அங்கே புறப்படும் தண்ணீர் வழியில் பூமிக்குள் விழுங்கப்பட்டு, பல கிலோமீட்டர் நிலத்தடியில் ஓடி மறுபடி மேலே வருகிறது. இப்படித் தண்ணீரை விழுங்கும் குழிக்கே துருக்கியில் 'டூடன்' என்று பெயர். ஆற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. நகரத்தின் கிழக்கே, லாரா பக்கம், அந்த ஆறு பூங்கா ஒன்றின் நடுவே சாதுவாக வந்து, விளிம்பைத் தாண்டி நேராகக் கடலில் விழுகிறது. ஏறத்தாழ 40 மீட்டர் வீழ்ச்சி.

மேலே நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். பழைய துறைமுகத்திலிருந்து படகில் வந்தால் முழுசாகப் பார்க்கலாம். சாரல் படகுக்குள் வரும் என்று சொல்லியிருந்தார்கள், யாரும் கைப்பேசியை உள்ளே வைக்கவில்லை. எனக்கு அருவியைவிட அதன் இரண்டு பக்கமும் நீர்மட்டத்தில் தெரிந்த குடைவுகள்தான் முக்கியமாகப் பட்டன. அலை அடியிலேயே தின்கிறது. அடி போனால் மேலே இருப்பது ஒரு நாள் பாளமாக இறங்கும். கீழே தண்ணீரில் கிடக்கும் பெரிய பெரிய கட்டிகள் அப்படி வந்தவை. அந்த விளிம்பின் மேல் வரிசையாக அடுக்குமாடிகள். கடலோர ஹோட்டல்கள் பாறையை ஒட்டி லிஃப்ட் இறக்கி, அடியில் மேடை போட்டு, ஏணி வைத்து ஆட்களை ஆழ்கடலில் நேராக இறக்குகின்றன. மணல் இல்லாத கடற்கரைக்கு இப்படி ஒரு வழி!

திங்கள், கெயிக்பயிரி

நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் மலைப்பக்கம். கூட வந்த நண்பனுக்காகப் போன இடம், அவனுக்குப் பாறையேற்றம் பைத்தியம். நான் கயிற்றைப் பிடிக்கும் ஆள்.

ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாதுளைத் தோட்டங்கள், கூடாரம் போடும் முகாம்கள், எங்கு பார்த்தாலும் கயிற்று மூட்டையோடு நடக்கும் வெளிநாட்டவர். மேலே நீளமான சாம்பல் நிறச் சுவர், அங்கங்கே காவி படிந்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுபாதைகள் போட்டிருக்கிறார்கள். பாதை என்றால் பாறையில் துளையிட்டு அடித்த இரும்பு போல்ட்டுகளின் வரிசை. ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டிக் கயிற்றைக் கோத்துக்கொண்டே போவார். விழுந்தால் கடைசிக் கொக்கியில் தொங்குவார், கீழே கயிறு பிடிப்பவர் தூங்காமல் இருந்தால். குளிர்காலம்தான் இங்கே சீசன். செப்டம்பர் கடைசியில் நிழல் விழும் சுவராகத் தேட வேண்டியிருந்தது.

நேற்றுச் சொன்ன சுண்ணாம்பு வேலை இங்கேயும் இருக்கிறது. சுவரில் வழிந்த தண்ணீர் படிந்து படிந்து தூண்களாக, யானைத் துதிக்கை தடிமனில் புடைத்து நிற்கிறது. ஏறுகிறவர்கள் அதை 'தூஃபா' என்கிறார்கள். இரண்டு முழங்காலாலும் நெருக்கிப் பிடித்து இளைப்பாறலாமாம். நண்பன் அப்படி ஒன்றில் ஒட்டிக்கொண்டு, "இதை விட்டு இறங்கவே மனசு வரலை" என்று மேலிருந்து கத்தினான். கை ஓய்ந்துபோனதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொல்கிறான் என்று பிறகு தெரிந்தது.

செவ்வாய், தெம்ரே

அந்தாலியா பேருந்து நிலையத்திலிருந்து டி-400 சாலையில் மேற்கே. ஃபினிகே தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் பேருந்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான். 'தாஷ் தூஷெபிலிர்' என்று மஞ்சள் பலகைகள். கல் விழலாம். விழுந்தால் என்ன செய்வது என்று பலகையில் இல்லை.

தெம்ரே ஊர் முழுக்கத் தக்காளி விளையும் கண்ணாடி, பிளாஸ்டிக் குடில்கள். பழைய பெயர் மிரா. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவரான புனித நிக்கோலஸ் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த ஊர். அவருடைய தேவாலயத்தில்தான் கூட்டம். அதை வேகமாகப் பார்த்துவிட்டு மலையடிக்குப் போனோம்.

ரோமானிய அரங்குக்குப் பக்கத்தில் மலையின் முகம் முழுக்க வாசல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, வரிசை தவறி, நெருக்கியடித்துக்கொண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லிசியா நாட்டவர் குடைந்த கல்லறைகள். துருக்கியில் இவற்றுக்குக் 'கயா மெஸார்' என்று பெயர், கயா என்றால் பாறை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் மரவீட்டின் நகல். கூரைக்குக் கீழே உருட்டுக்கட்டைகளின் வெட்டுமுனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, எல்லாம் கல்லில். உத்திரம் சட்டத்தில் பொருந்தும் மூட்டைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு உத்திரமும் வேண்டாம், மூட்டும் வேண்டாம். ஆனாலும் வீடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். அந்த மரவீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லிசியர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு இந்தக் கல்லறைகள்தான் சாட்சி.

கல்வெட்டுகளும் அதையே சொல்கின்றன. லிசிய மொழிக் கல்லறை வாசகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: இந்தக் கட்டடத்தை இன்னார் கட்டினார், தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். கல்லறை என்று தனியாகச் சொல்லாமல் கட்டடம் என்றே எழுதுவார்கள். சிலவற்றில் வேறு யாரையாவது உள்ளே வைத்தால் இவ்வளவு அபராதம் என்ற எச்சரிக்கையும் உண்டு. சொந்தக்காரர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஏன் இவ்வளவு உயரத்தில்? சிறகுள்ள தேவதைகள் வந்து ஆன்மாவைத் தூக்கிப்போக வசதியாக என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஸாந்தோஸ் ஊரிலிருந்து லண்டனுக்குப் போய்விட்ட கல்லறை ஒன்றில், சிறகுள்ள பெண்ணுருவங்கள் சின்ன மனிதர்களைத் தூக்கிப்போகும் புடைப்புச் சிற்பம் உண்மையிலேயே உண்டு. இருந்தாலும் மிராவில் நின்று பார்த்தபோது எனக்கு எளிமையான காரணம் ஒன்று தோன்றியது. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைக்கும் சமநிலம் கொஞ்சம். அது விளைச்சலுக்கு வேண்டும். செத்தவருக்குச் சுவர் போதும்.

1840இல் இங்கே வந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஃபெலோஸ் சிற்பங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் இன்னும் ஒட்டியிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஸாந்தோஸ் சிற்பங்களை லண்டனுக்குக் கப்பலேற்றியவரும் இவரேதான். இப்போது நிறம் ஒன்றும் தெரியவில்லை. வெறும் சாம்பல் கல்லைப் பார்த்து 'என்ன ஒரு எளிமை' என்று வியக்கிறோம். அவர்கள் பார்த்தால் திட்டுவார்கள்.

புதன், ஃபெத்தியே

வழியில் கபுதாஷ். கல்கான் ஊருக்கு முன்னால், சாலையின் வளைவில், ஒரு பிளவின் வாயில் கையளவு கடற்கரை. சாலையிலிருந்து நீண்ட படிக்கட்டு. தண்ணீரின் நிறத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அங்கே இந்தச் சாலையைப் போட்டபோது உயிர்விட்ட தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அதையும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

ஃபெத்தியேயின் பாறைக் கல்லறைகள் ஊருக்கு முதுகாக நிற்கின்றன. பெரியது அமிந்தாஸ் கல்லறை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. மரவீட்டு நகல் போய், இரண்டு அயோனியத் தூண்களும் முக்கோண முகப்பும் வைத்த கிரேக்கக் கோயில் நகல் வந்துவிட்டது. பெயர் சுவரில் வெட்டியிருக்கிறது. கல் கதவில் ஆணிக் குமிழ்கள் வரை செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கதவின் ஒரு மூலையை உடைத்துக்கொண்டு எப்போதோ திருடர்கள் நுழைந்திருக்கிறார்கள். ஊர் 1957 நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. அமிந்தாஸ் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஊரின் பெயர் 1914இல் டமாஸ்கஸ் அருகே விமானம் விழுந்து இறந்த ஃபெத்தி பே என்ற ஓட்டோமன் விமானியின் நினைவாக வைத்தது. ஊர் பெயரிலேயே பறத்தல் இருப்பது, நாளைக்குப் போகும் இடத்துக்குப் பொருத்தம்.

வியாழன், ஃபராலியா

தொல்முஷ் என்ற சிற்றுந்து, ஓலுதெனிஸ் தாண்டி மலைவிளிம்பில் ஏறுகிறது. தடுப்புச்சுவர் சில வளைவுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இங்கேதான் 'உச்சுரும்' என்ற சொல்லைக் கேட்டேன். ஓட்டுநர் ஒரு வளைவில் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து (எடுத்திருக்க வேண்டாம்) கீழே காட்டிச் சொன்னார். 'உச்மக்' என்றால் பறப்பது, 'உச்சக்' என்றால் விமானம், 'உச்சுர்த்மா' என்றால் பட்டம். எல்லாம் ஒரே குடும்பம். இங்கே வண்டி பள்ளத்தில் உருண்டால் செய்தியில் 'பறந்தது' என்றே போடுவார்களாம். ஃபலேஸ் என்பது கடலிலிருந்து பார்த்த அழகு, உச்சுரும் என்பது மேலே நிற்பவனின் வயிற்றைப் பிசைவது. அகராதி இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறது.

ஃபராலியா சின்ன ஊர். அதன் கீழே பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு, 'கெலெபெக்லெர் வாதிசி'. ஏறத்தாழ 350 மீட்டர் உயரச் சுவர்கள் மூன்று பக்கம், நாலாவது பக்கம் கடல். விளிம்பில் தடுப்பு ஏதும் கிடையாது. உட்கார்ந்து, பிறகு வயிற்றில் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே கடற்கரையில் இருந்தவர்கள் புள்ளிகள்.

அங்கிருந்து இறங்க ஒரு வழி இருக்கிறது, சில இடங்களில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி. ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "போகலாம் மகனே, படகு இருக்கிறதே" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. நண்பன்கூட மறுபேச்சுப் பேசவில்லை. செருப்போடு, தண்ணீர் பாட்டில் இல்லாமல், அந்த வழியில் இறங்கப்போன இரண்டு பேரைப் பார்த்தோம். போல்ட்டும் கயிறும் தலைக்கவசமும் இருக்கும் கெயிக்பயிரியின் செங்குத்துச் சுவரைவிட, நடந்து போய்விடலாம் என்று தோன்றவைக்கும் இந்தச் சரிவு ரொம்ப மோசம்.

இங்கே போவது லிசியப் பாதையும்கூட. 1999இல் கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடையாளமிட்டுத் திறந்த 500 கிலோமீட்டருக்கும் அதிகமான நடைவழி, பாறைகளில் சிவப்பு வெள்ளைக் கோடுகள். மாலையில் அதில் கபாக் பக்கம் கொஞ்சம் நடந்தோம். பைன் மரங்கள், ஆடுகள், நிறைய ஏற்றம்.

வெள்ளி, ஓலுதெனிஸ்

படகிலேயே பள்ளத்தாக்குக்குப் போனோம். உள்ளே ஒரு சின்ன அருவி, கூடாரங்கள். பட்டாம்பூச்சி என்று பெயர் வாங்கியிருப்பது உண்மையில் ஓர் அந்துப்பூச்சி. கறுப்பு வெள்ளை வரிகள் போட்ட முன்சிறகு, விரித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு. கோடையில்தான் கூட்டம் கூட்டமாக இருக்குமாம். பாறையில் நாலைந்து ஒட்டியிருந்தன. கைதட்டிப் பறக்கவைக்க ஓர் ஆள் முயன்றார். அது ஓய்வெடுக்க வந்த இடம், விட்டுவிடலாம்.

தலைக்கு மேலே வேறு சிலர் பறந்தார்கள். 1,969 மீட்டர் பாபாதாய் மலையிலிருந்து பாராகிளைடிங். மலை கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு உயரம் என்பதால், குதித்தவர் நேராகக் கடற்கரையில் இறங்கலாம். நண்பன் குதித்தான். நான் கீழே காபி குடித்தேன்.

சனி, தால்யான்

தால்யான் ஆற்றின் ஒரு கரையில் ஊர், மறுகரையில் செங்குத்துப் பாறை, அதன் நடுவயிற்றில் ஆறேழு கோயில் முகப்புகள். பழைய கௌனோஸ் நகரத்தின் கல்லறைகள், இவையும் கி.மு. 4ஆம் நூற்றாண்டுதான். கிட்டே போக விடமாட்டார்கள். ஆற்றிலிருந்து பார்ப்பதே நல்லது.

அவற்றில் பெரியது பாதியில் நின்றது. அதுதான் நான் தேடிவந்தது. முகப்பின் உச்சி முழுசாக முடிந்திருக்கிறது, தூண்களின் மேற்பகுதி கொஞ்சம் வந்திருக்கிறது, அதற்குக் கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழே செதுக்கி வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? யோசித்தால் அதுதான் வழி. உடைத்த கல் கீழே விழும். அடியை முதலில் செதுக்கினால் மேல்வேலையின் கல் அதன் மேலேயே விழுந்து உடைக்கும். கூரையை முடித்துவிட்டுத்தான் அஸ்திவாரத்துக்கு வர முடியும் என்ற தலைகீழ்க் கட்டடக்கலை இது. ஏன் நின்றது என்று பாறையில் எழுதியில்லை.

துடுப்புப் படகில் மறுகரை போய், மாதுளைத் தோப்பு வழியே நடந்தால் கௌனோஸ் இடிபாடுகள். இங்கே 1996இல் கிடைத்த கல்வெட்டு மொழியறிஞர்களுக்குப் பெரிய புதையல். ஒரே செய்தி, இந்தப் பகுதியின் பழைய மொழியான காரியத்திலும் கிரேக்கத்திலும். பார்ப்பதற்குக் கிரேக்கம்போலவே இருக்கும் காரிய எழுத்துகளின் ஒலி வேறு என்று சிலர் வாதாடி வந்ததை இது உறுதி செய்தது.

ஒரு காலத்தில் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டலில் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது, நடுவில் நாணல் சதுப்பு. சதுப்பு என்றால் கொசு, கொசு என்றால் காய்ச்சல். ஊர்க்காரர்களின் முகம் வெளிறிப் பச்சையாக இருக்கும் என்பது அந்தக் காலத்திலேயே கேலிப்பேச்சு. ஸ்ட்ராத்தோனிகோஸ் என்ற இசைஞர் இங்கே வந்து, மனிதர்களும் இலைகளும் ஒன்று என்ற ஹோமரின் வரியை எடுத்துவிட்டாராம். ஊரைச் சீக்காளி ஊர் என்கிறாயா என்று கோபித்துக்கொண்டார்களாம். "செத்தவர்கள்கூட நடமாடும் ஊரை அப்படிச் சொல்லத் துணிவேனா?" என்றாராம். பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

மலேரியா இப்போது இல்லை, கொசு இருக்கிறது. ஆற்றோரம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நாளை ஓர்த்தஜா வரை தொல்முஷ், அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.